துணையில்லாத முதல் சரணம்

நேரலைக் கேமரா ஆலயங்களுக்குள் வந்துவிட்டது. அதன் முன்னால் நின்று பாட வேண்டிய பிள்ளைகளை யார் வளர்ப்பது? கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் ஆலயங்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் கேள்வி.

டிசம்பர் 24, இரவு மணி 11. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும் நள்ளிரவுத் திருப்பலிக்கும் ஆராதனைக்கும் குடும்பங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம். அதே நொடியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிற்பகல் மணி 3. அங்கே கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தின் மேற்குக் கோடியில், சிவப்பு அங்கி அணிந்த ஒரு சிறுவன் வாய் திறக்கிறான். ஆர்கன் இல்லை, பியானோ இல்லை, கூடப் பாடுவோரும் இல்லை. பிபிசி ஒலிபரப்பின் வழியாக அந்தக் குரலை உலகெங்கும் பல லட்சம் பேர் கேட்கிறார்கள். முதல் சரணம் முழுவதும் அவன் ஒருவனுடையது.

கிறிஸ்தவ உலகின் மிகப் புகழ்பெற்ற நேரலை வழிபாடு இப்படித்தான் ஆண்டுதோறும் தொடங்குகிறது. ஒன்பது வேத வாசிப்புகள், இடையிடையே கிறிஸ்துமஸ் பாடல்கள், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இதன் அமைப்பை உலகெங்கும் உள்ள பேராலயங்கள் எடுத்துக்கொண்டன. அந்த ஒரு சரணத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைத்தான் பலர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த உழைப்பைப் பற்றியே இந்தக் கட்டுரை.

கை நீட்டும் நொடி

கிங்ஸ் பாடகர் குழுவில் 16 சிறுவர்கள். 1441இல் கல்லூரியை நிறுவிய அரசர் ஆறாம் ஹென்றியின் காலத்தில் வகுத்த எண்ணிக்கை இன்றும் அதுவே. எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகள். ட்ரெபிள் எனப்படும் உச்சக்குரல் இவர்களுடையது. கீழ்க்குரல்களைக் கல்லூரி மாணவர்கள் பாடுகிறார்கள். பள்ளி நடக்கும் காலத்தில் வகுப்புக்கு முன் காலைப் பயிற்சி உண்டு. வாரத்தின் பெரும்பாலான நாள்களில் மாலை ஆராதனையும் உண்டு.

கிறிஸ்துமஸ் முன்மாலையில் முதல் சரணத்தைப் பாடப்போவது யார் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே முன்கூட்டித் தெரியாது. 1982 முதல் 2019 வரை குழுவை நடத்திய ஸ்டீபன் கிளியோபரி கடைப்பிடித்த வழக்கம் இது. சில சிறுவர்கள் அந்தச் சரணத்தைப் பாடிப் பழகியிருப்பார்கள். ஒலிபரப்பு தொடங்கும் தருவாயில் நடத்துநர் ஒருவனை நோக்கிக் கை காட்டுவார். அவன் முன்னால் வருவான், பாடுவான்.

கேட்பவருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். உண்மையில் இதில் பெரிய கருணை இருக்கிறது. முன்பே பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை பல இரவுகள் தூங்க மாட்டான். பெற்றோரின் பதற்றமும் உறவினரின் எதிர்பார்ப்பும் அவன் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசி நொடியில் சொன்னால் பயப்பட நேரமே கிடைப்பதில்லை. பழகிய உடம்பு பழகியபடி பாடிவிடுகிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழகியவர்களில் எவனும் அழைக்கப்படலாம் என்பதால் அவர்கள் எல்லோருமே அந்தச் சரணத்துக்குத் தகுதியாக வளர்க்கப்படுகிறார்கள். பாடுவது ஒருவன், அதற்கான உழைப்பு பலருடையது.

வழிபாட்டைத் தொடங்கிவைக்கும் அந்தப் பாடலின் மெட்டு கடினமானதல்ல. சொற்களை எழுதியவர் செசில் பிரான்சஸ் அலெக்சாண்டர், குழந்தைகளுக்காக 1848இல் வெளியிட்ட தொகுப்பில். அடுத்த ஆண்டு ஹென்றி கான்ட்லெட் மெட்டமைத்தார். நம் தமிழ்ப் பாமாலை நூலிலும் இந்தப் பாடல் இருக்கிறது. ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலருக்கு அது மனப்பாடம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் தம்புரா மீட்டிக்கொண்டே இருக்கும். சுருதி எங்கே என்று தேட வேண்டியதில்லை. கிங்ஸ் சிறுவனுக்கு அந்தத் துணை கிடையாது. முதல் சரணத்தை அவன் தனியே பாட, இரண்டாம் சரணத்தைக் குழு முழுவதும் வாத்தியம் இல்லாமலே பாடுகிறது. மூன்றாம் சரணத்தில்தான் ஆர்கன் சேர்கிறது, சபையும் சேர்கிறது. இடையில் சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருந்தாலும் அந்த நொடியில் ஆர்கன் காட்டிக்கொடுத்துவிடும். திருத்த வழியில்லை, திரும்பப் பாடவும் வழியில்லை. நேரலையின் இந்த ஆபத்துதான் அந்தச் சரணத்தை இவ்வளவு அழகாக்குகிறது.

போர் முடிந்த ஆண்டில் பிறந்தது

ஒன்பது வாசிப்பு என்ற அமைப்பு பிறந்த இடம் கேம்பிரிட்ஜ் அல்ல. 1880இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் ட்ரூரோ நகரில் பேராலயம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதுவரை தற்காலிக மரக்கட்டடத்தில்தான் வழிபாடு. அங்கேதான் ஆயர் எட்வர்ட் வைட் பென்சன் கிறிஸ்துமஸ் முன்னிரவுக்காக இந்த அமைப்பை வகுத்தார்.

அதைக் கிங்ஸுக்குக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குக் குருவாகப் பணியாற்றித் திரும்பியவர். 1918இல், போர் நின்ற சில வாரங்களில், மகன்களையும் மாணவர்களையும் இழந்திருந்த ஒரு நகரத்துக்கு வழக்கமான சடங்கு போதாது என்று அவருக்குப் பட்டது. ஆதியாகமத்தில் தொடங்கி யோவான் நற்செய்தி வரை ஒரு கதையை வாசிப்பாகவும் பாட்டாகவும் சொல்லும் வழிபாட்டை அமைத்தார். முதல் வாசிப்பைக் குழுவின் ஒரு சிறுவனுக்கும் கடைசி வாசிப்பைக் கல்லூரித் தலைவருக்கும் கொடுத்தார்கள். இன்றுவரை அப்படித்தான். தனிக்குரலில் தொடங்கும் பாடல் 1919 முதல் நிலைபெற்றது.

பிபிசி முதன்முதலில் இதை ஒலிபரப்பியது 1928இல். 1930ஐத் தவிர ஒவ்வோர் ஆண்டும் ஒலிபரப்பு தொடர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிற்றாலயத்தின் பழம்பெரும் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். கட்டடத்தில் கதகதப்பூட்டும் வசதியும் இல்லை. பாதுகாப்புக் கருதி இடத்தின் பெயரை வானொலியில் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளைகள் பாடினார்கள்.

மலாயாவுக்கு வந்த அலை

1930இல் மலாயா வயர்லெஸ் சங்கம் கோலாலம்பூரின் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. 1932 டிசம்பரில் பிபிசி குடியேற்ற நாடுகளுக்கான சிற்றலைச் சேவையைத் தொடங்கியது. 1930களிலேயே கிங்ஸ் வழிபாடும் கடல் கடந்து ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. இன்று நமக்கு அது இரவு 11 மணி. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்துவதற்கு முந்தைய பல ஆண்டுகளில் இரவு பத்தரை.

வானொலி என்பது இந்த மண்ணில் பொழுதுபோக்குக்கான பெட்டி மட்டுமாக இருந்ததில்லை. ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பவர் உயிரைப் பணயம் வைத்தார். பேராக்கின் பாப்பான் ஊரில் தமிழரான மருத்துவர் கதிகாசுவும் அவர் மனைவி சிபில் கதிகாசுவும் ஒரு வானொலியை ஒளித்துவைத்து பிபிசி செய்திகளைக் கேட்டார்கள். அந்த வானொலிக்கு அவர்கள் வைத்த ரகசியப் பெயர் ஜோசபின். 1943இல் சிபில் பிடிபட்டார், கொடிய சித்திரவதைக்கு உள்ளானார், 1948இல் இறந்தார். தொலைவிலிருந்து வரும் ஒரு குரல் மனிதரை எந்த அளவுக்குத் தாங்கி நிறுத்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் சாட்சி அவர்.

1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா தொடங்கியது. பின்னாளில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவும், மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும் துணையாயின. சிற்றலையில் குரல் அலைந்து அலைந்து வரும். அதற்குள்தான் பாட்டைப் பிடிக்க வேண்டும். நேரலை வழிபாடு நமக்குப் புதிது அல்ல. அப்போது நாம் கேட்கும் இடத்தில் இருந்தோம். இப்போது அனுப்பும் இடத்திலும் இருக்கிறோம்.

மூன்று பேராலயங்கள்

கோலாலம்பூரின் நடுவில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று பேராலயங்கள் நிற்கின்றன.

டத்தாரான் மெர்டேக்காவின் ஓரத்தில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் புனித மரியாள் பேராலயம். 1887இல் குன்றின் மேல் சிறு மரக்கோயிலாகத் தொடங்கிய சபை 1895இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. வரைந்தவர் ஏ. சி. நார்மன். உள்ளே இருக்கும் குழாய் ஆர்கன், இங்கிலாந்தின் பெயர் பெற்ற ஹென்றி வில்லிஸ் பட்டறையிலிருந்து வந்தது. 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் எதிர்த் திடலில்தான் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறியது.

புக்கிட் நானாஸ் சரிவில் கத்தோலிக்கரின் புனித யோவான் பேராலயம். அந்தப் பங்கின் தொடக்கம் 1883. தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் ஆலயமாகக் கொண்டாடும் புடு புனித அந்தோணியார் ஆலயம் 1910இலும், கிள்ளானின் கோதிக் பாணி லூர்து மாதா ஆலயம் 1928இலும் எழுந்தன.

மூன்றாவது, நம் கதைக்கு மிக நெருக்கமானது: பிரிக்பீல்ட்ஸில் 1924இல் கட்டப்பட்ட சீயோன் லுத்தரன் பேராலயம். தமிழ்நாட்டிலிருந்து ரயில்வே வேலைக்கும் அலுவலக வேலைக்கும் வந்த தமிழ் லுத்தரன் குடும்பங்கள் ஊன்றிய சபை அது. பேராலயம் என்றாலே வெள்ளைக்காரர் கட்டியது என்ற எண்ணத்தை உடைக்கும் இடம். தமிழ்ச் சபையின் வேரிலிருந்து வளர்ந்து ஆயரின் இருக்கையானது அது.

அந்த வேர் தரங்கம்பாடிக்குப் போகிறது. 1706 ஜூலை 9இல் அங்கே இறங்கிய சீகன்பால்க், ஜெர்மானிய லுத்தரன் பக்தியைத் தமிழில் கொண்டுவந்தார். ஜெர்மன் கீதங்கள் தமிழாயின. மிஷன் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைப் பாடினார்கள். அதே நூற்றாண்டில், 1723இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு சிறுவர் பாடகர் குழுவுக்குப் பயிற்சி தர யோகான் செபாஸ்டியன் பாக் பொறுப்பேற்றார். 1212இலிருந்து பாடிவரும் புனித தோமா ஆலயக் குழு அது. இன்றும் வாரந்தோறும் பாடுகிறது. லைப்சிக்கின் சிறுவர்களும் தரங்கம்பாடியின் பிள்ளைகளும் ஒரே லுத்தரன் கீத மரபின் இரு கிளைகள். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கும் அந்தச் சொத்தில் பங்கு இருக்கிறது.

2020 மார்ச் 18க்குப் பிறகு

கொரோனா பெருந்தொற்றை ஒட்டி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் நடப்புக்கு வந்தது. ஆலயக் கதவுகள் மூடின. ஏப்ரல் 12இல் வந்த ஈஸ்டர் ஞாயிற்றைக் குடும்பங்கள் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் முன்னால் உட்கார்ந்து கொண்டாடின. அதே நாளில் மிலான் பேராலயத்தில் ஆளற்ற மண்டபத்தில் ஆண்ட்ரியா பொச்செல்லி பாடியதை யூடியூபில் ஒரே நேரத்தில் 28 லட்சம் இணைப்புகள் வரை பார்த்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கிங்ஸ் வழிபாடும் சபை இல்லாமல், முன்னதாகப் பதிவு செய்தே ஒலிபரப்பானது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆலயங்கள் அந்த மாதங்களில் அசாத்தியமான வேலை செய்தன. முக்காலியில் கைப்பேசியைக் கட்டித் தொடங்கிய இளைஞர்கள் சில மாதங்களில் கேமரா, கலவைப் பலகை, திரையில் பாடல் வரி என்று கற்றுக்கொண்டார்கள். ஆணை தளர்ந்த பிறகும் பல ஆலயங்களில் நேரலை நிற்கவில்லை. நடக்க முடியாத பாட்டி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் அத்தை என எல்லோருக்கும் அது ஒரு பாலம். அந்த இளைஞர்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

ஆனால் கேமராவை வாங்குவதற்கு நன்கொடை திரட்டுவது எளிது. பொருள் கண்ணுக்குத் தெரியும். ஒரு பிள்ளைக் குரலை வளர்ப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. அது ஐந்தாண்டு வேலை. பல ஆலயங்களில் சிறுவர் பாட்டு என்பது கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கி டிசம்பர் 25இல் முடிந்துவிடுகிறது. கரோக்கி இசை ஓட, அதன்மேல் பிள்ளைகள் பாடுகிறார்கள். இசை நின்றால் குரலும் நின்றுவிடும். கிங்ஸ் சிறுவனுக்கும் நம் பிள்ளைக்கும் பிறவித் திறமையில் வேறுபாடு கிடையாது. வேறுபாடு முழுவதும் பயிற்சியின் காலத்தில் இருக்கிறது.

மின்விசிறிக்குக் கீழே ஒரு சுருதி

நேரலையில் பிள்ளையின் குரல் கெடுவதற்குப் பிள்ளை காரணமாக இருப்பது குறைவு. இயந்திரமும் கட்டடமும்தான் பெரும்பாலும் காரணம்.

நம் ஆலயங்களில் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓயாமல் இரையும். ஒலிவாங்கி அந்த இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். கைப்பேசியும் கணினிச் செயலியும் இரைச்சலைக் குறைப்பதற்காகத் தாமாகவே வடிகட்டும். மாறாமல் நீளும் ஒலியை அவை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். குழந்தை ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும்போது அதையே வெட்டிவிடும். ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி, மெதுவாகப் பாடுவதை உயர்த்தி, உயர்ந்து பாடுவதை நசுக்கிவிடும். பாடலின் ஏற்ற இறக்கம் முழுக்கத் தொலையும். பேச்சுக்கென்று செய்த இந்த இரண்டு வசதிகளையும் பாடலின்போது அணைத்துவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சின்னஞ்சிறு பிள்ளையின் வாயருகே கை ஒலிவாங்கியை நீட்டுவது அடுத்த தவறு. உதடு உரசும் ஒலியும் மூச்சும் பெரிதாகக் கேட்கும். மண்டபத்தின் எதிரொலி காணாமல் போகும். பேராலயக் குழுவின் ஒலி என்பது குரலும் சுவரும் சேர்ந்து செய்வது. குழுவுக்கு முன்னால் சற்று உயரத்தில் இரண்டு ஒலிவாங்கிகளை இணையாக நிறுத்தினாலே அந்தச் சேர்க்கை கிடைத்துவிடும். தனிக்குரல் வரும் ஒரே ஒரு நிமிடம் மின்விசிறியை நிறுத்த ஒருவரை அமர்த்தலாம், சபை வியர்த்துவிடாது.

வெப்பமும் ஒரு காரணம். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடுகிறது, குழாய் ஆர்கனின் சுருதி ஏறுகிறது. பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். கோலாலம்பூர் மதியத்துக்கும் குளிரூட்டிய மாலைக்கும் நடுவே ஒரே ஆர்கன் வேறு சுருதியில் நிற்கும். பயிற்சி நடந்த நேரத்தின் வெப்பமும் வழிபாட்டு நேரத்தின் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பாடகர் குழுத் தலைவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

உடையப்போகும் குரல்

சிறுவனின் உச்சக்குரலுக்கு ஆயுள் குறைவு. பாக்கின் காலத்து லைப்சிக்கில் பதினாறு, பதினேழு வயது வரைகூடச் சிறுவர்கள் உச்சக்குரலில் பாடியதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஊட்டம் பெருகிய இன்றைய உலகில் பதின்மூன்று வயதை ஒட்டியே குரல் இறங்கத் தொடங்குகிறது. 1927இல் லண்டன் டெம்பிள் ஆலயத்தில் மெண்டல்சன் இசையைப் பாடி எர்னஸ்ட் லஃப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 15. அந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று 15 வயதில் அந்தக் குரலோடு ஒரு பையன் கிடைப்பது அரிது. எட்டு வயதில் பயிற்சி தொடங்கினால் முழுத் தேர்ச்சியோடு பாட இரண்டு மூன்று ஆண்டுகள்தான் கிடைக்கும்.

அதற்குள் அந்தப் பிள்ளைக்குப் புகழ் என்ற பாரத்தையும் நாம் ஏற்றிவிடுகிறோம். 1982இல் வெளிவந்த பிரிட்டிஷ் கார்ட்டூன் படம் தி ஸ்னோமேன். அதில் வரும் ஒரே பாடலைப் பாடியவர் லண்டன் புனித பவுல் பேராலயக் குழுவின் சிறுவன் பீட்டர் ஆட்டி. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. 1985இல் அதே பாடலைப் பாடிப் பெரும்புகழ் பெற்றவர் வேல்ஸின் பாங்கர் பேராலயக் குழுவில் வளர்ந்த ஆலெட் ஜோன்ஸ். ஆட்டியின் பெயர் படத்தில் சேர்க்கப்பட இருபது ஆண்டுகள் ஆயின. ஆனாலும் அவர் பாட்டை விடவில்லை. வளர்ந்து ஆப்பரா பாடகரானார். பேராலயம் தந்த பயிற்சி பெயர்ப் பட்டியலைவிட நீண்ட நாள் உழைத்தது.

நம் நேரலைகளுக்கு இதில் பாடம் உண்டு. பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, குடியிருக்கும் தாமான் எல்லாவற்றையும் திரையில் போட வேண்டியதில்லை. பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதியோடு மட்டும் முகத்தைக் காட்டலாம். கருத்துப் பெட்டியை மூடிவைக்கலாம். சுருதி தவறிய ஒரு நிமிடக் காட்சியை வெட்டிப் பகிர்ந்து சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பத்து வயதுப் பிள்ளை அதை எப்படித் தாங்கும் என்று பெரியவர்கள் யோசித்தே ஆக வேண்டும். குரல் உடையும் நாளில் அவனைக் குழுவிலிருந்து அனுப்பிவிடாமல் வாசிக்கவும், இசைத்தாள் புரட்டவும், தம்பிகளுக்குச் சொல்லித்தரவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. இங்கிலாந்தின் பேராலயங்களிலேயே 1991இல் சாலிஸ்பரி பெண் பிள்ளைகளுக்கென்று தனிக்குழு தொடங்கி வழி திறந்தது. கேன்டர்பரி 2014இல் சேர்ந்துகொண்டது. தமிழ்ச் சபைகளில் பாட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. முதல் சரணத்தை ஒரு சிறுமி பாடட்டும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

தமிழில் பாட என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நான்கு குரலில் பாடும் பாமாலை ஒருபக்கம். ராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனை மறுபக்கம். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்சின் அரவணைப்பில் தஞ்சையில் வளர்ந்தவர். அரசர் இரண்டாம் சரபோஜியோடு படித்தவர். அவர் கீர்த்தனைகள் இருநூறு ஆண்டுகளாகத் தமிழர் சென்ற இடமெல்லாம் சென்றிருக்கின்றன. சென்னையில் 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனும், சென்னை வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவில் பணிபுரிந்த ஹேண்டல் மானுவேலும் தமிழர் கையில் கொயர் இசை எந்த உயரத்துக்குப் போகும் என்று காட்டினார்கள்.

ட்ரெபிள் பயிற்சி கேட்பது அசையாத, தெளிந்த, நேரான குரல். கீர்த்தனை கேட்பது சுரத்தை அசைத்துப் பாடும் கமகம். ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த அச்சம் தேவையில்லை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், திரையில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் புழங்குகிறவர்கள். இரண்டு குரல்முறைகளை அவர்கள் கற்றுக்கொள்வார்கள். பிள்ளைகளை நீண்ட காலம் பயிற்றுவிப்பதற்கும் பிரிக்பீல்ட்ஸிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1981 முதல் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கர்நாடக இசையும் பரதமும் கற்பித்துவருகிறது. வாரம் தவறாமல் பிள்ளையைக் காரில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுவந்து, வெளியே காத்திருந்து, கூட்டிப் போகும் தமிழ்ப் பெற்றோரை அங்கே பார்க்கலாம். அரங்கேற்றத்துக்காக ஏழெட்டு ஆண்டுகள் பொறுக்கத் தெரிந்த சமூகம் நாம். அதே பொறுமையில் ஒரு பங்கை ஆலயப் பாட்டுக்கும் தர முடியும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலை

கிள்ளான் பள்ளத்தாக்கின் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது வாசிப்பும் பாடலும் கொண்ட ஒரு தமிழ் வழிபாட்டை ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து நடத்துங்கள். பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன், கத்தோலிக்க, மெதடிஸ்ட் ஆலயங்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இடத்தை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறை கிள்ளானுக்கும் கொண்டுபோகலாம். முதல் வாசிப்பை ஒரு தமிழ்ப் பள்ளி மாணவர் வாசிக்கட்டும். முதல் சரணத்தை ஒரு பிள்ளை வாத்தியத் துணையின்றித் தமிழில் பாடட்டும். அதை நேரலையில் உலகத்துக்கு அனுப்புங்கள்.

வேலையை டிசம்பரில் தொடங்காதீர்கள்; ஜனவரியில் தொடங்குங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் போதும். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம். மூச்சு, நிற்கும் விதம், கேட்கும் பழக்கம், பிறகுதான் பாட்டு. ழகரமும் ளகரமும் ணகரமும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சரிப்பு. கரோக்கி இசையை ஒதுக்கிவைத்து மாதம் ஒருமுறையாவது துணையில்லாமல் ஒரு பாடல். சொல்லித்தருபவருக்கு ஒரு நியாயமான ஊதியம். ஒலிக்கருவிக்குச் செலவிடத் தெரிந்த சபைக்கு இது பாரமாகாது.

ஆயர்களே, பங்குத் தந்தையரே, அடுத்த ஆண்டு வரவுசெலவுக் கணக்கில் கேமராவுக்குக் கீழே ஒரு வரியைச் சேருங்கள்: பிள்ளைகளின் குரற்பயிற்சி. பெற்றோரே, உங்கள் பிள்ளை நன்றாகப் பாடுகிறது என்று விருந்தினர் முன் பாடச் சொல்வதோடு நிறுத்தாமல், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவரிடம் கொண்டுபோய் விடுங்கள். குழு இல்லை என்று அவர் சொன்னால், தொடங்குங்கள் என்று கேளுங்கள். கேட்கும் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்தால் எந்தச் சபையும் மறுக்காது.